இடப்பக்கத்து நெறிக்கட்டி

சாம்பாரில் உப்பு கொஞ்சம் கூடினாலும் லிங்கப்பன் சொல்லிவிடுவார். கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான். அன்றைக்கு உப்பு கூடித்தான் இருந்தது. சமைத்த சொர்ணலதாவே ஒரு வாய் வைத்ததும் முகம் சுளித்தாள். லிங்கப்பனோ ஒன்றும் சொல்லாமல் இரண்டாவது தடவையும் சோறு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு எழுந்தார். மறுநாள் அவள் வேண்டுமென்றே உப்பை இரண்டு பங்காகப் போட்டாள். அவர் தண்ணீரை மட்டும் நிறையக் குடித்தார். "நல்லாருக்குது" என்றுகூடச் சொன்னார்.

வீட்டில் தன்னிடம் எதையோ மறைக்கிறார்கள் என்று அப்போது அவளுக்குத் தெரிந்துவிட்டது.

சொர்ணலதாவுக்கு அந்த வருஷம் ஐம்பத்தேழு வயது. ஹனூர்ப் பக்கம் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவள். டைல்ஸ் ஒட்டும் வேலைக்காக மைசூர் வந்த லிங்கப்பனைக் கட்டிக்கொண்டு அந்த ஊர் ஓரத்து ஹிங்கலில் குடியேறினாள். பக்கத்து விஜயநகரில் எழும்பிய வீடுகளில் பாதிக்குத் தரை போட்டது தான்தான் என்று லிங்கப்பன் சொல்லிக்கொள்வார். அவள் ஒரு கார்மெண்ட்ஸ் கம்பெனியில் இருபத்துமூன்று வருஷமாகச் செக்கர். தைத்து வரும் சட்டைகளை விளக்கு வெளிச்சத்தில் விரித்து, தையல் விட்டிருக்கிறதா, காலர் கோணியிருக்கிறதா என்று பார்த்து ஒதுக்குவது வேலை. "சொர்ணக்கா கையில போனா நல்ல சட்டையும் திரும்பி வந்துரும்" என்று தைக்கும் பெண்கள் அலுத்துக்கொள்வார்கள். வேலையால் இந்தக் குணம் வந்ததா, இந்தக் குணத்தால் வேலை நிலைத்ததா என்று சொல்ல முடியாது. பஸ்ஸில் டிக்கெட் வாங்கினால் தேதியைப் பார்ப்பாள். மகள் சுசித்ரா பள்ளிக்கூடத்தில் முதல் மார்க் வாங்கி வந்தபோது, "பேப்பரக் குடு, கூட்டிப் பாக்கறேன்" என்றவள்.

உடம்பு விஷயத்திலும் சந்தேகம்தான் முதலில் வந்தது. மாதவிலக்கு நின்று ஐந்து வருஷம் ஆகியிருந்தது. ஒரு நாள் கம்பெனியில் உள்பாவாடையில் லேசாக ரத்தக் கறை. பக்கத்துக் கிளினிக்கில் இருந்த டாக்டரம்மா, வயதானால் உள்ளே வறண்டு இப்படி வருவதுண்டு, மாத்திரை போட்டால் நின்றுவிடும் என்றார். நின்றும் விட்டது. ஆனால் ஐந்து வருஷம் வராதது எதனால் வந்தது என்று யாரும் சொல்லாதது அவளை அரித்தது. மாத்திரையை நிறுத்திப் பார்த்தாள். மறுபடியும் வந்தது.

பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனாள். ஸ்கேனில் கர்ப்பப்பையின் உள்சுவர் தடித்திருந்தது. உள்ளிருந்து துளி சதையைச் சுரண்டி எடுத்துப் பரிசோதனைக்குப் போட்டார்கள். பாட்டிலில் பெயர் எழுதி முடிக்கும்வரை அவள் நர்ஸின் பக்கத்தை விட்டு நகரவில்லை. எழுதியதில் ஓர் எழுத்து ஆதாரோடு ஒத்துவரவில்லை என்று மாற்றி எழுத வைத்தாள்.

ரிப்போர்ட்டை வாங்கி வந்தது சுசித்ரா. "சின்னக் கட்டிம்மா. ஆபரேஷன் பண்ணி எடுத்துட்டாச் சரியாயிடும்" என்றாள். அதற்குப் பிறகுதான் இந்த உப்புச் சாம்பார்.

மூன்றாம் நாள் சோறு போடும்போது சொர்ணலதா கேட்டாள்.

"நாளைக்கு உப்பே போடாம வெக்கறனுங்க. அதையும் நல்லாருக்குன்னு சாப்பிடுவீங்களா?"

லிங்கப்பன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். சுசித்ராதான் அடுப்படிக் கதவருகே நின்று சொன்னாள்.

"கேன்சரும்மா. கர்ப்பப்பைக்குள்ள. ஆனா ஆரம்பந்தானாம். கிரேடு ஒண்ணாம். பயப்பட ஒண்ணும் இல்லன்னாரு டாக்டரு."

"பயப்பட ஒண்ணுமில்லீன்னா எதுக்கு மறைச்சீங்க?"

அவள் மிச்சம் இருந்த சோற்றை மூடி வைத்தாள். "இனிமேட்டு எந்தப் பேப்பரா இருந்தாலும் மொதல்ல எங் கைக்கு வரோணும்" என்று மட்டும் சொன்னாள். அன்று அவள் அழவில்லை. அழுதால் அடுத்த ரிப்போர்ட்டையும் ஒளித்து வைப்பார்கள் என்று நினைத்தாள்.

ஆபரேஷன் செய்யப்போகிறவர் டாக்டர் விஜய்குமார். கன்னடத்தில்தான் பேசுவார். சொர்ணலதாவுக்குக் கன்னடமும் தமிழும் ஒன்றுதான். அவர் ஒரு தாளில் கர்ப்பப்பையை வரைந்து, அதன் இரண்டு பக்கமும் சிறு சிறு வட்டங்கள் போட்டார்.

"கால்ல முள்ளு குத்தினா தொடை இடுக்குல நெறி கட்டும் இல்லையாம்மா? அந்த மாதிரி வயித்துக்குள்ளயும், இடுப்பெலும்பு ஓரமா ரெண்டு பக்கமும் நெறிக்கட்டிங்க இருக்கு. நோய் கர்ப்பப்பைய விட்டுக் கிளம்பினா பெரும்பாலும் மொதல்ல அங்கதான் போய் நிக்கும். கர்ப்பப்பையையும் சினைப்பைகளையும் எடுக்கறப்பவே அதையும் பாத்தாகணும்."

"எல்லாத்தையும் எடுத்துருவீங்களா?"

"முன்னெல்லாம் அப்படித்தான். இப்ப கர்ப்பப்பை வாயில நீலச் சாயம் ஊசி போடறோம். சாயம் எந்த நெறிக்கு மொதல்ல போய்ச் சேருதோ, நோய் போனாலும் அங்கதான் மொதல்ல போகும். பக்கத்துக்கு ஒண்ணு, மிஞ்சினா ரெண்டு எடுப்போம். லேபுல மெலிசா சீவிப் பாப்பாங்க. அதுல இல்லன்னா மத்ததுலயும் இருக்காது."

"இருக்காதுன்னு எப்படித் தெரியும்?"

"நூத்துக்கு நூறுன்னு யாராலயும் சொல்ல முடியாது. பெரும்பாலும் சரியா இருக்கும்."

"சாயம் ஒரு பக்கம் போகாட்டி?"

"அந்தப் பக்கம் இருக்கற எல்லாத்தையும் எடுப்போம்."

பதில்கள் சரியாகத்தான் இருந்தன. ஆனால் வெளியே பெஞ்சில் மாரக்காளைச் சந்தித்த பிறகு அவள் மனசு மறுபடி கலங்கியது. மாரக்காளும் ஹனூர்ப் பக்கத்துக்காரி, வயதில் மூத்தவள். மூன்று வருஷத்துக்கு முன் இதே நோய்க்கு வேறொரு ஊரில் ஆபரேஷன் செய்துகொண்டவள்.

"எனக்கு ரெண்டு பக்கமும் வழிச்சு எடுத்தாங்க அம்மிணி. இருபத்தாறுன்னு எழுதியிருக்குது. உனக்கு மட்டும் ஒண்ணே ஒண்ணா?" என்றாள் மாரக்காள். பிறகு சேலையைக் கொஞ்சம் தூக்கிக் காட்டினாள். இடது கால் முழங்காலிலிருந்து பாதம்வரை வீங்கி, பட்டைத் துணி சுற்றியிருந்தது. "இது அதனாலதான்னு சொல்றாங்க. தண்ணி எறங்க வழியில்லாமப் போச்சாம். செருப்புப் போட முடியறதில்ல."

சொர்ணலதா அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் எடுத்தால் கால் இப்படி ஆகிறது. ஒன்றை மட்டும் எடுத்தால் மீதியில் என்ன இருக்கிறது என்று யாருக்குத் தெரியும். அடுத்த தடவை டாக்டரிடம் நேராகவே கேட்டாள்.

"அரசாங்க இலவச வைத்தியக் கார்டுல வர்றவங்களுக்கு மட்டும்தான் இப்படிக் கொறச்சு எடுக்கறீங்களா?"

சுசித்ரா அம்மாவின் கையைப் பிடித்து அழுத்தினாள். டாக்டர் கோபப்படவில்லை. "எங்க அக்காவுக்கா இருந்தாலும் இதையேதான் செய்வேன்" என்றார். எல்லா டாக்டர்களும் இப்படி ஓர் அக்காவை வைத்திருப்பார்கள் என்று சொர்ணலதா நினைத்துக்கொண்டாள். ஆனாலும் கையெழுத்துப் போட்டாள். போடுமுன் படிவத்தின் இரண்டு பக்கங்களையும் மகளைப் படிக்க வைத்துக் கேட்டாள்.

ஆபரேஷன் முடிந்து வார்டுக்குக் கொண்டுவந்த மறுநாள் காலை, கட்டிலடியில் தொங்கிய மூத்திரப் பையைப் பார்த்து லிங்கப்பன் பதறிப்போனார். உள்ளே இருந்தது பச்சையும் நீலமுமாக இருந்தது. நர்ஸைக் கூப்பிட ஓடப் போனவரைச் சொர்ணலதா மெல்லிய குரலில் தடுத்தாள்.

"விடுங்க. அது அந்தச் சாயம். ஊசி போட்டது நெசந்தான்."

அந்த ஆஸ்பத்திரியில் அவள் கண்ணால் கண்டு நம்பிய முதல் விஷயம் அதுதான்.

பதினான்கு நாள் கழித்து ரிப்போர்ட் வந்தது. அன்றைக்கு டாக்டர் விஜய்குமார் ஆபரேஷன் தியேட்டரில் இருந்தார். அவருக்குக் கீழே வேலை பார்க்கும் இளம் டாக்டர் தருண்குமார்தான் பார்த்தார். வெளியே நாற்பது பேர் காத்திருந்தார்கள். அவர் தாளைப் புரட்டிவிட்டு, "எல்லாம் க்ளியர்மா. நெறியில எங்கயும் நோய் இல்ல. மேல மருந்து, ரேடியேஷன் கரண்ட்டு எதுவும் வேண்டாம். மூணு மாசம் கழிச்சு வாங்க" என்றார்.

லிங்கப்பன் கையெடுத்துக் கும்பிட்டார். சொர்ணலதா கையை நீட்டினாள். "அந்தப் பேப்பர்."

வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்து சுசித்ராவைப் படிக்கச் சொன்னாள். ஒவ்வொரு வரியாக, அர்த்தத்தோடு. கர்ப்பப்பை அளவு, நோய் இருந்த இடம், எவ்வளவு ஆழம். பிறகு வலப்பக்கம்: நெறிக்கட்டி ஒன்று, நோய் இல்லை. இடப்பக்கம் என்ற வரியில் சுசித்ரா கொஞ்சம் தயங்கினாள்.

"இதுல... கொழுப்புத் திசு மட்டும் இருக்கு, நெறி காணலன்னு போட்டிருக்கு."

"காணலன்னா?"

"கெடைக்கலன்னு. நோய் இல்லன்னுதானே அர்த்தம், விடும்மா."

"டிஸ்சார்ஜ் பேப்பர்ல என்ன எழுதியிருக்குது?"

சுசித்ரா கோப்பைத் திறந்தாள். இரண்டு பக்கமும் சாயம் போனது, பக்கத்துக்கு ஒரு நெறிக்கட்டி எடுக்கப்பட்டது என்று அதில் இருந்தது. சொர்ணலதா இரண்டு தாள்களையும் மடிமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். அவளுக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாது. தன் பெயரும் எண்களும் அடையாளம் தெரியும். ஒரு தாளில் ஒன்று, ஒன்று. இன்னொரு தாளில் ஒன்று, அதற்குக் கீழே எண்ணே இல்லை.

மறுபடி உள்ளே போனாள். தருண்குமாரின் முன்னால் வேறு ஒரு நோயாளி உட்கார்ந்திருந்தார்.

"டாக்டரே, இடப்பக்கம் நெறியே இல்லாம எதப் பாத்து நோய் இல்லன்னாங்க?"

"அம்மா, ஒண்ணும் இல்லைன்னா நல்லதுதானே?"

"நோய் இல்லீங்கறது வேற. நெறியே கெடைக்கலீங்கறது வேற. காலி டப்பாவத் தெறந்து பாத்துட்டு உள்ள இருந்த சட்ட நல்லாருக்குதுன்னு நான் எழுதுனா, என்னைய அன்னிக்கே வீட்டுக்கு அனுப்பிருவாங்க."

"உங்களுக்குப் புரியாதும்மா. ரிப்போர்ட் நெகட்டிவ்."

"பெரிய டாக்டர் வரட்டும். நான் உக்காந்திருக்கறேன்."

லிங்கப்பன் அவள் தோளைத் தொட்டார். "வா லதா. நல்ல சேதி சொல்லிருக்காங்க. அதப் போயி நோண்டிக்கிட்டு." அவருக்கு வெட்கமாக இருந்தது. பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாரும் பார்த்தார்கள். சுசித்ரா போனில் எதையோ பார்ப்பதுபோல் திரும்பி நின்றாள். சொர்ணலதா சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். தையல் போட்ட இடம் இழுத்தது. உள்ளுக்குள் அவளுக்கே தன்மேல் சந்தேகம் வந்தது. தன்னால் ஒரு நல்ல சேதியைக்கூட நம்ப முடியாமல் போய்விட்டதோ என்று தோன்றியது. ஒருமுறை எழுந்து போய்விடலாம் என்று செருப்பைக்கூட மாட்டினாள். பிறகு கழற்றிவிட்டாள்.

மூன்று மணிக்கு விஜய்குமார் வந்தார். தாளை வாங்கி நின்றபடியே படித்தார். இடப்பக்க வரியை இரண்டு முறை படித்தார் என்பதை அவருடைய கண் போன போக்கில் அவள் கவனித்தாள். அவர் உட்கார்ந்து லேபுக்குப் போன் செய்தார். மெதுவாகத்தான் பேசினார். வைத்துவிட்டுச் சொன்னார்.

"நீங்க கேட்டது சரிம்மா. சாயம் ஏறின திசுவ நெறின்னு நெனச்சு எடுத்தேன். சில சமயம் அது வெறும் கொழுப்பா இருந்துரும். அப்படி இருந்தா அந்தப் பக்கத்தப் பாக்கவே இல்லைன்னுதான் அர்த்தம். லேபுல மிச்சம் இருக்கு. மொத்தத்தையும் சீவிப் பாக்கச் சொல்லியிருக்கேன். ஒரு வாரம் ஆகும்."

"அந்த மிச்சம் என்னோடதுதான்னு எப்படித் தெரியும்?"

தருண்குமார் பெருமூச்சு விட்டார். விஜய்குமார் ஒரு சீட்டில் ஏதோ எழுதி, "கீழ லேபு இருக்கு. நீங்களே போய்ப் பாருங்க" என்று கொடுத்தார்.

லேப் தரைத்தளத்துக்கும் கீழே இருந்தது. மருந்து வாடை கண்ணை எரித்தது. அங்கே வேலை செய்யும் அம்மாள் சீட்டைப் படித்துவிட்டு, இதுவரை யாரும் இப்படிக் கேட்டதில்லை என்றாள். அலமாரியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் டப்பாவை எடுத்து மேஜைமேல் வைத்தாள். ஒட்டியிருந்த சீட்டின் எண்ணையும் தன் கோப்பின் எண்ணையும் சொர்ணலதா ஒவ்வொரு இலக்கமாக ஒப்பிட்டாள். பெயர் சரி. வயது சரி. இடது என்று எழுதியிருப்பதாகச் சுசித்ரா சொன்னாள். உள்ளே மருந்துத் தண்ணீரில், கோழித் தோலுக்கடியில் இருக்குமே, அந்த மாதிரி மஞ்சளாக ஒரு துண்டு மிதந்தது. இத்தனை நாள் தன் வயிற்றுக்குள் இருந்தது அது. அதைப் பார்த்து அருவருப்பு வரும் என்று நினைத்தாள். வரவில்லை.

"மொதல்லயே இத ஏன் முழுசாப் பாக்கல?"

அந்த அம்மாள் கதவுப் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "மொதத் துண்டுல கெடைக்கலைன்னா முழுசாப் போட்டுப் பாக்கணும்தான். அன்னிக்கு விட்டுப்போச்சு. ஒரு மாசம் வெச்சிருந்து கொட்டிருவோம். நல்ல வேளை, முன்னாடியே வந்தீங்க."

அந்த வாரத்தில் ஒரு நாள் சாம்பாரில் உப்பு குறைந்தபோது லிங்கப்பன் சொன்னார். அவள் எழுந்து உப்பு ஜாடியை எடுத்து வந்து வைத்தாள்.

எட்டாம் நாள் விஜய்குமாரே போன் செய்து வரச் சொன்னார். தாளை நேராக அவள் கையில் கொடுத்தார். கொழுப்புக்குள் நாலு மில்லிமீட்டர் அளவில் ஒரு நெறிக்கட்டி இருந்திருக்கிறது. அதற்குள் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று மேலே நோய் இருந்தது.

"மொத நிலைன்னு எழுதியிருந்தோம். இப்ப மூணாவது நிலைன்னு எழுதணும்" என்றார். "கீமோவும் ரேடியேஷனும் கொடுக்கணும். மறுபடி வயித்தத் திறக்க வேண்டியதில்ல. ஸ்கேன்ல மத்த நெறிங்க வீங்கல. ரேடியேஷன் அந்த எடத்தையும் சேத்துப் பாத்துக்கும்." பேனாவை மூடி வைத்தார். "இதை நாங்களே கவனிச்சிருக்கணும்மா. தப்பு எங்க மேலதான்."

தான் சொன்னது சரி என்று ஆனால் கோபமாவது வரும், கொஞ்சம் பெருமையாவது வரும் என்று சொர்ணலதா எதிர்பார்த்திருந்தாள். இரண்டும் வரவில்லை. தாளை மகளிடம் கொடுத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். தருண்குமார்தான் ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அவர் முகத்தைப் பார்க்க அவளுக்கே பாவமாக இருந்தது.

பஸ் நிறுத்தத்தில் லிங்கப்பன் சொன்னார்.

"நீ கேக்காமயே இருந்திருந்தா இன்னும் கொஞ்ச நாள் நிம்மதியா இருந்திருக்கலாம்னு தோணுது லதா. தப்பா எடுத்துக்காத."

"நீங்க நிம்மதியா இருந்திருப்பீங்க. உள்ள அதும் நிம்மதியா இருந்திருக்கும்."

அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். பஸ் வந்தது. கூட்டத்தில் அவளுக்கு இடம் பிடிக்க அவர் முன்னால் ஏறினார்.

கீமோ ஆறு தடவை, மூன்று வாரத்துக்கு ஒருமுறை. அதன் பிறகு ஐந்து வாரம் ரேடியேஷன். தலைமுடி போயிற்று. நாக்கில் ருசி போயிற்று. சமையலை லிங்கப்பன் ஏற்றுக்கொண்டார். அவர் வைத்த எதையும் அவள் குறை சொல்லவில்லை, ஏனென்றால் உண்மையிலேயே ருசி தெரியவில்லை. அதை அவர் நம்பினாரா என்பது வேறு விஷயம். ஒவ்வொரு முறை மருந்து ஏற்றும்போதும் பாட்டிலில் எழுதிய பெயரையும் எண்ணையும் பார்க்காமல் கையை நீட்ட மாட்டாள். முதலில் முணுமுணுத்த நர்ஸ்கள் மூன்றாவது தடவையிலிருந்து பாட்டிலை அவள் கண்ணுக்கு நேராகப் பிடித்துக் காட்டிவிட்டுத்தான் மாட்டினார்கள். பக்கத்துக் கட்டில்காரர்களும் காட்டச் சொல்ல ஆரம்பித்தார்கள்.

இது நடந்து இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகிறது. முடி திரும்ப வளர்ந்துவிட்டது, முன்னைவிட நரைத்து. கால் வீங்கவில்லை, இடது காலில் மட்டும் சாயங்காலம் லேசாகக் கனக்கும். கம்பெனியில் நின்றுகொண்டே பார்க்கும் வேலை முடியாது என்று உட்கார்ந்து பார்க்கும் மேஜை கொடுத்தார்கள். ஸ்கேன்களில் இதுவரை ஒன்றுமில்லை. ஒன்றுமில்லை என்று யார் சொன்னாலும் எந்த வரியில் எழுதியிருக்கிறது என்று கேட்கிறாள்.

போன மாதம் செக்கப்புக்குப் போனபோது விஜய்குமார், இனி மூன்று மாதத்துக்கு ஒருமுறை வேண்டாம், ஆறு மாதத்துக்கு ஒருமுறை போதும் என்றார். ஏன் ஆறு என்று கேட்டாள். இந்த நோய் திரும்புவதென்றால் முதல் இரண்டு மூன்று வருஷத்தில்தான் அதிகம், அதைப் பெரும்பாலும் கடந்தாயிற்று என்றார். பிறகு அவள் கேட்காமலே ஒன்று சொன்னார். எடுத்த திசுவை இப்போதெல்லாம் தியேட்டரிலேயே வெட்டிப் பார்க்கிறார்களாம். நெறி இல்லையென்றால் வயிற்றை மூடுவதற்கு முன்பே மறுபடி தேடுகிறார்களாம்.

"எப்பயிருந்து?"

"உங்களுக்கு அப்புறம்தாம்மா."

அவள் தலையாட்டிவிட்டு வெளியே வந்தாள். லிங்கப்பனிடம் சொன்னாள்.

"நம்பறியா?" என்றார் அவர்.

"பாக்கலாம்."

மாத்திரை வாங்கும் இடத்தில் நஞ்சன்கூடுப் பக்கத்துப் பெண் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். போன மாதம்தான் ஆபரேஷன் ஆனதாம், அதே டாக்டர். சொர்ணலதா பக்கத்தில் உட்கார்ந்து பேச்சுக் கொடுத்தாள். உடம்பு எப்படி இருக்கிறது, பிள்ளைகள் எத்தனை பேர் என்றெல்லாம் விசாரித்துவிட்டு, ரிப்போர்ட்டைப் பார்க்கலாமா என்று கேட்டாள். அந்தப் பெண் கொஞ்சம் தயங்கி எடுத்துக் கொடுத்தாள். சொர்ணலதா மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டாம் பக்கத்துக்குப் போனாள். ஆங்கிலம் தெரியாவிட்டாலும் அந்த இரண்டு வரிகள் இருக்கும் இடம் அவளுக்கு இப்போது தெரியும். வலப்பக்கம் ஒன்று என்று இருந்தது. இடப்பக்கம் இரண்டு என்று இருந்தது. அந்தத் தாளை மடித்த மடிப்பிலேயே திரும்பக் கொடுத்து, "பத்திரமா வெச்சுக்க கண்ணு. ஜெராக்ஸ் ஒண்ணு எடுத்து வெச்சுக்க" என்று சொல்லிவிட்டு எழுந்தாள்.